நிச்சயத்தன்று எழுந்து ஓடிய வயிறு

“...ஒன்னும் இல்லன்னு டாக்டரே சொல்லிட்டாருன்னா, அப்புறம் ஏன் லா மாப்ள கதவத் தொறக்க மாட்டேங்குறீங்க?”

வெளியே நின்று கேட்டவர் என் வருங்கால மாமனார். உள்ளே உட்கார்ந்திருந்தவன் நான். இடம், மலேசியாவின் சிலிம் ரிவரில் அவர் வீட்டுக் கழிவறை. அவர் மகள் கலைக்கும் எனக்கும் அன்று நிச்சயதார்த்தம்.

என் வயிறு ஓர் எதிர்க்கட்சி. பரீட்சை, நேர்முகத் தேர்வு, எதுவானாலும் முதலில் வெளிநடப்புச் செய்வது அதுதான். அன்று ஈப்போவில் கிளம்பிய எங்கள் வேன், கண்ணில் பட்ட பெட்ரோல் நிலையத்திலெல்லாம் நின்று நின்று போனது. “யாரோ சோத்துல மருந்து வச்சிட்டாங்க” என்று அம்மா மூக்கைச் சிந்தினார். “குடல் ஏறிக்கிச்சு, உருவி விடணும்” என்றார் பெரியம்மா. வேன் ஓட்டிய மச்சான், “வெறும் காத்து லா” என்று முடித்துவிட்டான். (எங்கள் ஆட்கள் வைத்தியம் சொல்லும்போது அந்தக் குரலில் இருக்கும் உறுதியைக் கேட்க வேண்டும். என்னைச் சோதித்த டாக்டருக்கு அதில் கால்வாசிகூட இல்லை.)

தட்டு மாற்றும் வரை மாப்பிள்ளை பாயை விட்டு எழக்கூடாது. எழுந்தால் சகுனம் கெட்டது. நானும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தேன். கலை பட்டுச்சேலையில் வந்து எதிரே உட்கார்ந்து லேசாகச் சிரித்தாள். போச்சு. எழுந்து ஓடினேன். வேட்டி தடுக்கி, பழத்தட்டு கவிழ்ந்து, ஆரஞ்சுகளும் என்னோடு சமையலறை வரை ஓடி வந்தன.

கூடத்தில் கலையின் அத்தை குரல் உயர்ந்தது. “நோயாளிய நம்ம தலையில கட்டப் பாக்குறாங்கண்ணே! தட்ட திருப்பி அனுப்பிடுங்க!”

கதவைத் திறக்கும் நிலையில் நான் இல்லை. பேசாமல் இருந்தால் கலை போய்விடுவாள். எனவே உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினேன்.

“மாமா, டெஸ்ட்ல ஒன்னும் இல்லதான். குடல்ல புண்ணு இல்ல, கட்டி இல்ல. ஆனா அது வேலை செய்யுற விதத்துல கோளாறு. முன்ன ஒரு தடவ கெட்டுப்போன சாப்பாட்ட சாப்ட்டு ஆஸ்பத்திரியில கெடந்தேன். கிருமி போயிடுச்சு, குடல் நரம்போட பயம் போகல. சும்மா காத்து அசைஞ்சாலும் வலி வலின்னு மூளைக்குச் சொல்லுது. மூளை பதறுனா குடலும் பதறுது. ரெண்டும் ஓயாம பேசிக்குது மாமா!”

“இந்தக் கோளாறு வந்த எல்லாருக்கும் இப்படித்தானா?”

“இல்ல மாமா, ஆளுக்கு ஆள் காரணம் மாறுமாம். எனக்கு இதுவா இருக்கும்னு டாக்டர் சொல்றாரு.”

 பேசி முடித்த பிறகுதான், மொத்தச் சனமும் கேட்டுக்கொண்டிருக்கிறது என்பது உறைத்தது.

“அப்ப... என் மகளப் பாத்துதான் பதறுதா?”

“ஆமா மாமா. பிடிச்சிருந்தா ரொம்பவே பதறும்.”

வீடு அதிர்ந்தது. நிச்சயம் நடத்த வந்த பூசாரி சிரித்தார், அத்தைகூடச் சிரித்தார். கலையின் சிரிப்பு மட்டும் தனியாகக் கேட்டது. இப்போது மாத்திரை, நடை, மூச்சுப் பயிற்சி என்று எதிர்க்கட்சி கொஞ்சம் அடங்கியிருக்கிறது. ஆனாலும் விருந்துக்குப் போன இடத்தில் நான் மெல்ல எழுந்தால் போதும், “மாப்ளைக்குச் சமையல் ரொம்பப் பிடிச்சிருச்சு லா!” என்று யாராவது குரல் கொடுத்துவிடுகிறார்கள். கொடுக்கட்டும். வயிற்றை மறைத்து வாழத் தேவையில்லாத ஒரு குடும்பம் எத்தனை பேருக்கு வாய்க்கும்?

அன்று சிரிக்காதவர் மாமனார் ஒருவர்தான். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நல்ல நேரம் முடியப் போகிறது. விறுவிறுவென்று கூடத்துக்குப் போய்ப் பாயைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். துணி துவைக்கும் இயந்திரத்தை ஒரு பக்கமாக நகர்த்திவிட்டு, கழிவறை வாசலிலேயே பாயை விரித்தார்.