தையல்காரரின் மஞ்சள் கூடை

இனி பால் பாக்கெட் கழுவுவதில்லை என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலை முடிவு செய்தேன். கொள்கை முடிவு. இருபத்திரண்டு வருடமாகக் கல்லூரியில் தருக்கவியல் கற்பிக்கிறவன், பிளாஸ்டிக் உறைக்குள் விரலை விட்டுச் சோப்புப் போட்டுத் தேய்த்து, அதைக் கொடியில் காயப்போடுவதா? இந்தக் கேள்வியை நான் உரக்கக் கேட்கவில்லை. என் வீட்டில் நான் உரக்கக் கேட்பவை இரண்டே கேள்விகள்: "என் கண்ணாடி எங்கே?", "நான் என்ன தப்பு செஞ்சேன்?"

வேலையை எனக்கு ஒதுக்கியவள் என் மகள். ஒன்பதாம் வகுப்பு. அவளும் நான்கு தோழிகளும் பள்ளியில் மறுசுழற்சித் திட்டம் ஒன்றைத் தொடங்கி, தலைமையாசிரியையையே காகிதத்தின் இரு பக்கமும் எழுத வைத்துவிட்டு, அடுத்ததாக எங்கள் குடியிருப்பைப் பிடித்துக்கொண்டார்கள். பன்னிரண்டு வீடு. ஒவ்வொரு வாசலிலும் மூன்று கூடை. காகிதத்துக்கு நீலம், சமையல் கழிவுக்குப் பச்சை, பிளாஸ்டிக்குக்கு மஞ்சள். ஞாயிறு காலையில் பிள்ளைகள் எல்லாவற்றையும் மூட்டை கட்டி, மறுசுழற்சி வண்டியில் ஏற்றுவார்கள். பிளாஸ்டிக் மட்டும் கழுவிக் காய்ந்திருக்க வேண்டும். ஒரு பாக்கெட் நாறினாலும் வண்டிக்காரர் மூட்டையையே தொடமாட்டார்.

மூட்டை வைக்கக் கொட்டகை கொடுத்தவர் குடியிருப்புச் செயலாளர். அதுவரை அங்கே அவருடைய கார் இருந்தது. கார் என்பது மரியாதைக்குச் சொல்வது. அதற்குச் சக்கரம் மூன்றுதான். "நாலு வாரம் பாப்பேன். ஒரு வீடு விலகினாலும் கார் உள்ள வந்துரும்" என்று சொல்லியிருந்தார். மகள் அந்த நாலு வாரத்தைச் சுவரில் கட்டம் போட்டு ஒட்டிவைத்திருந்தாள்.

திங்கட்கிழமை இரண்டு பாக்கெட் கழுவினேன். செவ்வாய் முதல் வேறு வழி. நாங்கள் மூன்றாவது மாடி. கீழ்த்தளத்தில் ஒரு தையல்காரர் தனியாக இருக்கிறார். காலை நடைக்குப் போகிற வழியில், செய்தித்தாளுக்குள் மடித்த இரண்டு பாக்கெட்டுகளை அவருடைய மஞ்சள் கூடையில் நழுவவிடுவேன். அவர்தான் வெட்டுத் துணிகளைச் சேர்த்து என் மகளுக்கு மூட்டைப் பைகள் தைத்துக் கொடுத்தவர். நான் யோசித்தது இப்படி: நல்லவர்கள் பொறுத்துக்கொள்வார்கள், தையல்காரர் நல்லவர், ஆகவே தையல்காரர் பொறுத்துக்கொள்வார். தருக்கத்தில் ஓட்டையே இல்லை. ஓட்டை என்னிடம்தான் இருந்தது.

முதல் ஞாயிறு வண்டிக்காரர் மூட்டையை அவிழ்த்தார். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். மூட்டையைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார். பிள்ளைகள் கிளறிப் பார்த்தார்கள். புளித்த பால் பாக்கெட் பத்து. எல்லாம் தையல்காரர் கூடையிலிருந்து வந்தவை. என் மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு போய், அவர் கதவில் சிவப்புச் சீட்டு ஒட்டினாள். 'இந்த வீடு விதி மீறியது.' கழுத்தில் அளவு நாடாவுடன் அவர் வெளியே வந்தார். சீட்டைப் படித்தார். "சரிம்மா" என்றார். அவ்வளவுதான்.

நான் மாடிப்படியில் நின்றிருந்தேன். வாயைத் திறந்திருக்கலாம். திறந்தேன். கொட்டாவி விட்டேன்.

அன்று சாயங்காலம் மனைவி கீழே போய்விட்டு வந்தாள்.

"என்னங்க, தையல்காரர் திட்டத்துலேருந்து விலகப்போறாராம்."

"ஏனாம்?"

"கதவுல சீட்டு ஒட்டினா யாருக்குத்தான் ரோஷம் வராது? பொண்ணு வேற சாப்பிடாம படுத்திருக்கா. போச்சு, அந்த ஓட்டைக் கார் வந்துரும்."

"ம்."

"பாவம், தனி ஆளு. பாக்கெட் கழுவ அவருக்கு ஏது நேரம்? யாராவது விடியக்காலையில அவருக்குத் தெரியாம எடுத்துக் கழுவி வச்சுட்டா, அவர் மானமும் போகாது, பொண்ணு திட்டமும் நிக்கும்."

"யார் செய்வா?"

"அதானே! அதுக்கெல்லாம் பெரிய மனசு வேணும். நம்ம குடியிருப்புல யாருக்கு இருக்கு?"

துணி மடிக்கப் போய்விட்டாள். எனக்கு உள்ளே ஏதோ சிலிர்த்தது. உண்மையைச் சொல்லாமலே பரிகாரம்! இவ்வளவு நேர்த்தியான யோசனையை இவள் அறியாமலே சொல்லிவிட்டாளே என்று அவள்மேல் இரக்கம்கூட வந்தது.

மறுநாள் விடியலில் தையல்காரர் கூடையில் நான்கு பாக்கெட். எடுத்து வந்து குளியலறையில் கழுவி, என் படிப்பறையில் மின்விசிறிக்குக் கீழே காயவைத்து, திரும்பக் கொண்டுபோய் வைத்தேன். புதன்கிழமை ஒன்பது. அடுத்த வாரம் ஒரே நாளில் பத்தொன்பது. பத்தொன்பது அரை லிட்டர், ஒன்பதரை லிட்டர் பால். மெலிந்த மனிதர். எங்கே போகிறது? குளிக்கிறாரோ? பிறகு எண்ணெய் டப்பா வந்தது. ஷாம்பு பாட்டில் வந்தது. ஒருநாள் குழந்தைப் பால்மாவு டப்பா வந்தது. தனியாள் வீட்டில் பால்மாவு! பிறர் அந்தரங்கத்தில் தலையிடக் கூடாது என்று, அதை மட்டும் இரண்டு முறை தேய்த்தேன்.

"என்னங்க, உங்க படிப்பறையில ஒரே பால் நாத்தம்?"

"பழைய புத்தகம்."

"பழைய புத்தகம் சொட்டுமா?"

மூன்றாவது வாரம், வாசலில் தையல்காரரிடமே மாட்டினேன்.

"என்ன சார், கையில மூட்டை?"

"விடைத்தாள்."

"நனைஞ்சிருக்கே?"

"பசங்க அழுதுட்டே எழுதியிருக்காங்க. கஷ்டமான பாடம்."

அவர் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். கதவில் சிவப்புச் சீட்டைக் கிழித்த இடத்தில் கொஞ்சம் பசை ஒட்டியிருந்தது. தினமும் அதைப் பார்க்காமல் கூடையை எடுக்கப் பழகியிருந்தேன். அன்று பார்த்துவிட்டேன்.

நான்காவது ஞாயிறு எல்லாரும் கொட்டகை முன் கூடினார்கள். கொட்டகை இனி பிள்ளைகளுக்கே என்றார் செயலாளர். மகள் அறிக்கை படித்தாள். "மிகச் சுத்தமான கூடை, தையல் மாமாவோடது." கைதட்டல். அவர் எழுந்து கூச்சத்தோடு கும்பிட்டார். அந்தக் கும்பிடு என் பக்கம் திரும்பியபோது என்னால் உட்கார முடியவில்லை.

எழுந்தேன். "அந்தப் பத்துப் பாக்கெட் என்னுடையவை. குற்றவாளி நான். அவர் அல்ல" என்றேன். முன்னுரை, மூன்று காரணங்கள், முடிவுரை என்று பேச்சு தயாராக இருந்தது. முன்னுரையிலேயே செயலாளர் கையமர்த்தினார். "உக்காருங்க சார். தெரியும்."

"எப்படி?"

தையல்காரர் மெதுவாகச் சொன்னார். "எனக்குப் பாலே ஒத்துக்காது சார். நீங்க கூடையில போடுறத ஜன்னல் வழியா பாத்திருக்கேன். அன்னிக்கு நீங்க படியில நின்னீங்களா, நீங்களே சொல்லிருவீங்கன்னு நெனச்சேன். அப்புறம் சாயங்காலம் உங்க வீட்டம்மாவும் பாப்பாவும் வந்து மன்னிப்புக் கேட்டுட்டுப் போனாங்க. சீட்டையும் பாப்பாதான் கிழிச்சுது."

"நம்ம வீட்டுக் கூடைய அம்மா பாத்தாங்கப்பா" என்றாள் மகள். "தினம் ரெண்டு பாக்கெட் வாங்குறோம். வாரம் முழுக்கச் சேந்தது ரெண்டே ரெண்டு."

எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும். தருக்கவியல்கூட வேண்டாம்.

"அப்போ அந்தப் பத்தொன்பது பாக்கெட்?"

இரண்டாவது மாடிப் பெண் இடுப்புக் குழந்தையோடு கை தூக்கினாள். "ரெண்டு எங்களோடது சார். உங்க வீட்டம்மா சொல்லித்தான் அங்க போட்டோம். டப்பாவும் எங்களோடதுதான். சும்மா பளபளன்னு இருந்துச்சு!"

"எங்களோடது மூணு" என்றது ஒரு குரல். "எண்ணெய் டப்பா என்னோடது" என்றது இன்னொன்று. வகுப்பில் வருகைப் பதிவு எடுப்பதுபோல் வரிசையாகக் கைகள் உயர்ந்தன. என் வகுப்பில் இத்தனை பேர் ஒருநாளும் வந்ததில்லை.

கூட்டம் கலையும்போது மகள் என் பக்கத்தில் வந்து நின்றாள். "அன்னிக்கு நான் சாப்பிடாம படுத்தது மூட்டை போனதுக்கு இல்லப்பா" என்றாள். தோழிகளோடு மூட்டை தூக்கப் போய்விட்டாள்.

மூன்று மாடி ஏறும்வரை நான் தலை நிமிரவில்லை. வாசலில் மனைவியிடம் கேட்டேன். "உனக்குத் தெரியும்னு அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அப்பவே போய் மன்னிப்புக் கேட்டிருப்பேனே?"

"கேட்டிருப்பீங்க" என்றாள். "பாக்கெட்டை யார் கழுவியிருப்பா?"