இடமாகச் சுற்றியவள்

போர்க்கால உளவு நாவல் படிப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் வீட்டில் பேச ஆள் இல்லாதவர்கள் என்பது என் கட்சி. ஆதாரம் கேட்பவர்களுக்கு என்னையே காட்டுவேன். ஒரு கொடுங்கோல் தளபதியைச் சுட்டுத்தள்ள எங்கிருந்தோ ஒருவன் கிளம்புவான். அந்தத் தளபதி அப்படிச் சாகவில்லை என்று பள்ளிக்கூடச் சரித்திரப் புத்தகமே நமக்குச் சொல்லிவிட்டது. இருந்தும் அடுப்பில் பால் பொங்கி வழிவது தெரியாமல் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருப்போம்.

காரணம் கொலை இல்லை. அந்தக் கதைகளில் ஒன்றுமில்லாத ஆட்களுக்கு மதிப்பு உண்டு. டிக்கெட் கிழிப்பவள், தபால் பிரிப்பவன், தையல்காரி, இவர்கள் எந்த வாசலில் எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று ஒரு சாம்ராஜ்யமே தலையைப் பிய்த்துக்கொள்ளும். எங்கள் வீட்டில் குழம்பில் உப்பு ஜாஸ்தியானால் ஒழிய நான் ஒருத்தி இருப்பது யாருக்கும் நினைவுக்கு வராது. இருபத்து நாலு வயதில், என்னை யாராவது சந்தேகப்பட்டால்கூடத் தேவலை என்று இருந்தது.

எங்கள் வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி. மாடி அறைகளை அப்பா வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விடுவார். உலகத்தைத் துறக்க வருகிறவர்கள் முதலில் துறப்பது விமானத்தில் படித்த நாவலைத்தான். அவர்கள் காவி வேட்டியோடு கிளம்பிப் போய்விடுவார்கள். கட்டிலுக்கு அடியில் பாராசூட், வெடிகுண்டு, பொய்த் தாடி எல்லாம் எனக்காகக் கிடக்கும். என் ஆங்கிலமே அப்படி வந்ததுதான். (இன்றைக்கும் ஆங்கிலத்தில் வழி கேட்கத் திணறுவேன். கையைத் தூக்கச் சொல்வது மட்டும் சரளமாக வரும்.)

அவற்றில் ஒரு நாவல் என் உயிர். எதிரிகள் பிடித்துவைத்திருக்கும் ஒரு நகரம். அங்கே ஒரு தையல்காரி. தளபதியின் மனைவிக்கு கவுன் தைத்துக் கொடுத்தே மாளிகைக்குள் நுழைகிறாள். விருந்து நடக்கிறது, கூடத்தின் கதவைத் திறக்கிறாள். அத்தோடு என் புத்தகம் முடிந்துவிட்டது. மிச்சப் பக்கங்களைக் கிழித்து ஒரு வெள்ளைக்காரர் கொசுவர்த்தி பற்றவைத்தார் என்பது அம்மாவின் சாட்சியம். சரித்திரத்தில் இல்லாத தளபதி என்பதால் எந்த வாத்தியாரைக் கேட்டும் பயனில்லை. அவள் கொன்றாளா, மாட்டிக்கொண்டாளா என்று எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன். யாரிடமாவது சொல்லி யோசிக்கலாம் என்றால், அம்மா "நாத்தம் புடிச்ச பேப்பரு" என்பாள். அப்பா அதுகூடச் சொல்ல மாட்டார்.

அதற்குள் இரண்டு முறை என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். இரண்டு பேருமே சொஜ்ஜியைச் சாப்பிட்டுவிட்டு, "போய் சொல்லி அனுப்பறோம்" என்றார்கள். சொல்லி அனுப்பவில்லை. இரண்டாவது தடவை நான் அழுத அழுகையில் மாடியில் தியானம் செய்துகொண்டிருந்தவர் அறையையே காலி செய்துவிட்டார். அழுது முடித்து ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். வருகிற ஆளுக்கு வேலை எதுவானாலும் சரி, கதைப் புத்தகம் படிக்கிறவராக இருக்க வேண்டும். "அதான் வேணுமா உனக்கு?" என்று அப்பா கேட்டார். ஆமாம் என்றேன். அதற்கு மேல் பேச்சில்லை. அவர் அதைக் காதில் போட்டுக்கொண்டார் என்று எனக்குத் தெரியாது.

சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சித்தி வந்தாள். அம்மாவின் தங்கை, வீட்டிலேயே புடவை வியாபாரம் செய்பவள்.

"கௌம்புடி, பெரிய கோயிலுக்குப் போய்ட்டு வரலாம். அந்த மாம்பழக் கலர் புடவையைக் கட்டிக்கோ."

"சாமி கும்பிட எதுக்கு சித்தி பட்டுப் புடவை?"

"சொன்னா கட்டேன்டி. கேள்வி கேக்காத."

அம்மா அதிசயமாக இரண்டு முழம் மல்லிகை வைத்துவிட்டாள். ஆட்டோவில் சித்தி போனில் குரலைத் தாழ்த்தி, "ம்... வந்துனே இருக்கோம். மாம்பழக் கலரு, பச்சை பார்டரு" என்றாள். புடவை வியாபாரம் என்று நினைத்துக்கொண்டேன். சட்டையில் சிவப்புப் பூ குத்திய ஆளை ரயில் நிலையத்தில் அடையாளம் கண்டுபிடிக்கும் காட்சியைக் குறைந்தது நூறு நாவலில் படித்தவள் நான். என் உடம்பில் ஆறு கெஜ நீளத்துக்கு அதே அடையாளத்தைச் சுற்றி அனுப்பியிருக்கிறார்கள். எனக்கு உறைக்கவில்லை.

பெரிய நந்திக்கு அருகில் சித்தி உட்கார்ந்துவிட்டாள். "கால் வலிக்குதுடி. நீ மெதுவா ஒரு சுத்து சுத்திட்டு வா. மெதுவா." 

மகிழ மரத்தைத் தாண்டும்போதுதான் அவரைப் பார்த்தேன். சந்தன நிறச் சட்டை, கண்ணாடி, தோளில் ஒரு ஜோல்னாப் பை. என்னைப் பார்த்ததும் சட்டென்று கோபுரத்தை அண்ணாந்து பார்த்தார். நான் புடவை மடிப்பைச் சரிசெய்வதுபோல் நின்றேன். அவரும் நின்றார். நான் நடந்தேன். அவரும் நடந்தார். எனக்குப் பயமாக இருந்தது என்று சொல்ல ஆசைதான். உண்மையில் சந்தோஷம்.

என்னை உளவு பார்க்க என்னிடம் என்ன இருக்கிறது என்று நியாயமாகவே யோசித்தேன். வேங்கிக்காலில் ஒரு ஆபீசில் தற்காலிகமாக டைப் அடித்துக்கொண்டிருந்தேன். அடித்ததெல்லாம் ஆடு மாடு கணக்கு. ஆனால் போர் என்று வந்துவிட்டால் எதிரிக்குப் பால் எங்கே கிடைக்கிறது என்பது முக்கியம்தானே? (சிரிக்காதீர்கள். அந்த நிமிஷம் இது எனக்கு மிகவும் பொருத்தமாகப் பட்டது.)

பின்தொடர்வது உறுதிதானா என்று சோதிக்க நாவல்களில் ஒரு வழி உண்டு. யாரும் போகாத திசையில் திடீரென்று திரும்ப வேண்டும். நிஜமான வழிப்போக்கன் தன் வழியில் போய்விடுவான். ஒற்றன் மட்டும் கூடவே திரும்புவான். கோயில் பிரகாரத்தில் யாரும் போகாத திசை ஒன்றுதான். நான் அப்படியே திரும்பி, ஈசனை இடமாகச் சுற்ற ஆரம்பித்தேன்.

எதிரே வந்த ஜனம் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தது. ஒரு குருக்கள் தட்டோடு நின்று, "ஏம்மா! இப்படிச் சுத்தப்படாதும்மா, குடும்பத்துக்கு ஆகாது!" என்று கத்தினார். திரும்பிப் பார்த்தேன். சந்தன நிறச் சட்டை ஒரு கணம் திகைத்து நின்றது. குருக்களைப் பார்த்தது, சாமி சன்னதியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. பிறகு அதுவும் இடமாகவே வர ஆரம்பித்தது.

ஆள் யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று. வேகத்தைக் கூட்டாமல் அவரை ராஜகோபுர வாசலில் உள்ள போலீஸ் உதவி மையம் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனேன். அங்கே திரும்பி நின்று, அடித்தொண்டையில், "இந்த ஆளு உள்ளேயிருந்து என் பின்னாடியே வர்றான்!" என்று கத்தினேன்.

அதற்குப் பிறகு என் உதவி தேவைப்படவில்லை. பூக்கார அம்மா சட்டைக் காலரைப் பிடித்தாள். செவ்வாடை கட்டிய ஒரு பக்தர், யாரென்று கேட்காமலே ஓர் அறை விட்டார். கண்ணாடி எகிறிக் கல்லில் விழுந்து, ஒரு பக்கம் உடைந்தது. பெண் போலீஸ் ஒருவர் அவரை உள்ளே இழுத்துப்போய் உட்காரவைத்தார்.

"எதுக்குயா அந்தப் பொண்ணு பின்னாடி போன?"

"சாமி கும்பிட வந்தேங்க."

"இடமா சுத்தியா?"

அவர் கன்னத்தில் விரல் பதிந்திருந்தது. உண்மையைச் சொன்னால் அடுத்த நிமிஷம் எழுந்து போகலாம். சொல்லவில்லை. பெண்ணுக்குத் தெரியக்கூடாது என்று பெரியவர்கள் அவரிடம் வாக்கு வாங்கியிருந்தார்கள். நகத்தைப் பிடுங்கினாலும் வாய் திறக்காத வீரர்களைப் பற்றி எவ்வளவு படித்து உருகியிருப்பேன். அப்படி ஒருவர் என் எதிரில் உட்கார்ந்திருந்தார், நான் அவரை எதிரியின் ஒற்றன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"பையில என்ன? கொட்டு."

விபூதிப் பொட்டலம், தண்ணீர் பாட்டில், ஒரு புத்தகம். புத்தகத்தின் அட்டையில் ஒரு பெண் கையில் கத்திரிக்கோலோடு நின்றாள். என் தையல்காரி. கிழியாமல், தடிமனாக, கடைசிப் பக்கம் வரைக்கும் இருந்தாள்.

நான் அட்டையையே வெறிப்பதை அவர் பார்த்தார். "நீங்க இத படிச்சிருக்கீங்களா?" என்றார். கன்னம் வீங்கியதால் பேச்சு கொஞ்சம் குழறியது.

"கடைசிப் பக்கம் இல்ல. கதவைத் தொறக்கிற வரைக்கும்தான்."

அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. இப்போதும் அது எனக்குத் தெரிகிறது. "அய்யோ, அதுக்கப்புறம்தாங்க..." என்று ஆரம்பித்தார்.

அந்த நேரம் பார்த்துச் சித்தி மூச்சிரைக்க ஓடிவந்தாள். "அடிப்பாவி! இன்னாடி பண்ணி வச்சிருக்க! மாப்பிள்ளைடி அவரு! வந்தவாசிலருந்து உன்னப் பாக்க வந்தாருடி!"

பின்னாலேயே அவருடைய அம்மா. அம்மன் சன்னதியில் காத்துக்கொண்டிருந்தவர். மகனின் கன்னத்தைப் பார்த்தார், உடைந்த கண்ணாடியைப் பார்த்தார், கடைசியாக என்னை. கத்தவில்லை. "நல்ல இடம்னு நம்பி வந்தோம்மா. சாமி வாசல்லயே அடி வாங்கிக் குடுத்துட்டீங்க" என்றார். "எழுந்து வாடா." மகன் என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். புத்தகத்தை எடுத்துக்கொள்ள மறக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும்தான் மொத்தமும் வெளியே வந்தது. அப்பா மாதக்கணக்கில் விசாரித்து, பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும், கதைப் புத்தகம் படிக்கும் ஒருவரை எனக்காகத் தேடியிருக்கிறார். மறுபடி வேண்டாம் என்று சொல்லிவிட்டால் நான் தாங்கமாட்டேன் என்று, எனக்குத் தெரியாமல் கோயிலில் வைத்துக் காட்டிவிடலாம் என்பது அம்மாவின் யோசனை. நல்ல எண்ணம்தான். அப்பா, அம்மா, சித்தி, வந்தவாசிக்காரர்கள் என்று எல்லோருக்கும் திட்டம் தெரியும், ஆளுக்கொரு வேலை இருந்தது. அதில் ஒன்றும் தெரியாமல் நடமாடிய ஒரே ஆள், கல்யாணம் செய்துகொள்ள வேண்டியவள்.

அப்பா மறுநாளே போய் மன்னிப்புக் கேட்டார். அவர்கள் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நானே போய்க் கேட்கிறேன் என்றேன். "பொண்ணு போய் அங்க நிக்கறதா? கம்முனு கெட" என்றார். அன்று சாயந்திரமே பழைய பேப்பர்காரர் வந்து என் நாவல் அத்தனையையும் சாக்கில் கட்டி எடுத்துக்கொண்டு போனார். குற்றம் யாருடையது என்று வீட்டில் பேசவே இல்லை. புத்தகங்களுடையது என்று ஏகமனதாக முடிவாகிவிட்டது. எனக்கு இன்றும் ஆறவில்லை.

பிறகு செங்கத்தில் சிமெண்ட் கடை வைத்திருப்பவருக்கு என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். அந்தத் தடவை முன்கூட்டியே சொன்னார்கள். நல்ல மனுஷன், ஒரு குறை சொல்ல முடியாது. படிப்பதெல்லாம் மூட்டையில் அச்சடித்திருப்பதை மட்டும். என்னை எங்கே கூட்டிப்போனாலும், "நான் பின்னால வர்றேன், போலீஸ கூப்பிட்றாத" என்பார். எந்தக் கல்யாண வீட்டிலும் பந்தி முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில் அப்பா கனைத்துக்கொண்டு ஆரம்பிப்பார்: "எம்பொண்ணு ஒரு நாளு அண்ணாமலையாரையே இடமா சுத்துனா..." கூடம் சிரிக்கும். நானும் சிரிப்பேன். அறை வாங்கிய ஆளைப் பற்றி யாரும் கேட்டதில்லை. அவருக்கும் எங்கோ கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் என்று சித்தி சொன்னாள்.

போனில் தேடினால் அந்த நாவலின் முடிவு ஒரு நிமிஷத்தில் கிடைத்துவிடும் என்கிறார்கள். கிடைக்கும்தான். நான் தேடவில்லை. கதவைத் திறந்த தையல்காரி அந்தத் தளபதியைக் கொன்றாளா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எனக்குச் சொல்ல வாயெடுத்த ஒரே ஆளை நான்தான் போலீஸில் பிடித்துக் கொடுத்தேன்.