பானையைத் தட்டிப் பார்ப்பவர்

உலகத்தில் வாங்குகிறவர்கள் ஒரு கூட்டம், விற்கிறவர்கள் ஒரு கூட்டம். இரண்டுக்கும் நடுவே, கடை வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிற மூன்றாவது கூட்டம் ஒன்று உண்டு. பார்த்துக்கொண்டிருப்பவர்கள். இவர்கள் வாங்க மாட்டார்கள். வாங்க மாட்டோம் என்றும் சொல்ல மாட்டார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் சொஜ்ஜி பஜ்ஜியை ஒரு கை பார்த்துவிட்டு, ‘ஊருக்குப் போய்த் தகவல் சொல்கிறோம்’ என்று வேட்டியை உதறிக்கொண்டு எழுகிற மாப்பிள்ளை வீட்டாரை உங்களுக்குத் தெரியும் அல்லவா? அதே ஆட்கள்தான். பெண்ணுக்குப் பதில் இங்கே பானை.

இந்த இனம் எல்லா ஊரிலும் உண்டு என்றாலும் அது கொழுத்து வளர்வது தெற்கு லூசியானாவில், தவக்காலத்தில், டெஷ் ஓடைக்கரை வீடுகளின் கொல்லைப்புறங்களில். குளிர் விட்டதும் வயல் தண்ணீரிலிருந்து கிராஃபிஷ் வந்து இறங்கும். இறாலுக்கும் நண்டுக்கும் பிறந்த பிள்ளை மாதிரி, இரண்டு கொடுக்கையும் தூக்கிக்கொண்டு சண்டைக்கு நிற்கும் சின்ன ஜீவன். அதை மூட்டையோடு உயிராக வாங்கி வந்து, கழுவி, மிளகாய்க் காரமும் எலுமிச்சையும் பூண்டும் உருளைக்கிழங்கும் சோளக்கதிரும் சேர்த்துப் பெரிய பானையில் வேகவிட்டு, செய்தித்தாள் விரித்த மேசைமேல் அப்படியே கொட்டி, சுற்றமெல்லாம் சூழ்ந்து நின்று உரித்துத் தின்பார்கள். இதற்கு வேண்டியது ஒரு பானை, ஒரு கேஸ் அடுப்பு, கிளற ஒரு துடுப்பு. அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று நீங்கள் சொல்வீர்கள். நம் பார்த்துக்கொண்டிருப்பவர் சொல்ல மாட்டார்.

அவரை அடையாளம் கண்டுகொள்வது சுலபம். யார் வீட்டு விருந்துக்குப் போனாலும் எல்லோரும் மேசைப் பக்கம் போக, அவர் மட்டும் அடுப்புப் பக்கம் போவார். மூடியைத் தூக்கி ஆவியில் முகத்தைக் காட்டுவார். குனிந்து தீயைப் பார்ப்பார். பிறகு விரலை மடக்கிப் பானையின் வயிற்றில் ஒரு தட்டு. டொங். தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, “ம்ம்” என்பார். அந்த ‘ம்ம்’ இருக்கிறதே, அதைக் கேட்ட வீட்டுக்காரன் அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்க மாட்டான். என்ன குறை என்று கேட்டால், “குறை ஒண்ணும் இல்லப்பா, நல்லாத்தான் இருக்கு. ஆனா...” என்பார். அந்த ‘ஆனா’வுக்குப் பின்னால் ஒன்றும் வராது. வர வேண்டிய அவசியமும் இல்லை.

செயிண்ட் மார்ட்டின்வில்லில் இருக்கும் வெர்லின் டூகா இந்த இனத்தின் அசல் வித்து. உத்தியோகம் நில அளவை. அடுத்தவர் நிலமும் வேலியும் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்பதை அங்குல சுத்தமாக அளந்து சொல்லிவிடுவார். அந்த விஷயத்தில் ஊரே அவர் பேச்சைக் கேட்கும். அதே மனுஷர் ஒரு பானை விஷயத்தில் கல்யாணமான நாளிலிருந்து முடிவுக்கு வரவில்லை. அலுமினியம் சட்டென்று சூடேறும், ஆனால் எலுமிச்சை பட்டால் கறுக்கும். எவர்சில்வர் கறுக்காது, ஆனால் கொதி வர யுகமாகும். விமானம் கிளம்புகிற மாதிரி இரைகிற அடுப்பு வேகமானது, ஆனால் பக்கத்தில் நின்று பேச முடியாது. சத்தமில்லாத அடுப்பருகே பேசலாம், ஆனால் பேசிக்கொண்டே இருக்க வேண்டியதுதான், தண்ணீர் கொதிக்காது. மரத்துடுப்பா, உலோகத்துடுப்பா? மரம் என்றால் எந்த மரம்? எலோய் என்பவரின் இரும்புக்கடையில் சனிக்கிழமைதோறும் இதே பேச்சு. எலோய் முதலில் பதில் சொல்லிப் பார்த்தார், பிறகு தலையாட்டிப் பார்த்தார், கடைசியில் ஒரு நாற்காலியைப் போட்டுவிட்டுத் தன் வேலையைக் கவனிக்கப் போய்விட்டார்.

இதில் ரகசியம் ஒன்று உண்டு. வெர்லின் தன் ஆயுளில் ஒரு தடவைகூட கிராஃபிஷ் வேகவைத்ததில்லை. அந்த ஊரில் அதை வாய்விட்டுச் சொல்ல முடியுமா? மானம் போய்விடும். வெந்தது குழைந்துவிட்டால், உப்பு தூக்கிவிட்டால், மனைவி வீட்டார் பேரன் பேத்தி காலம் வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள் என்று அவருக்கு உள்ளூர நடுக்கம். வாங்காத பானையில் எதுவும் குழையாது, எதிலும் உப்பு தூக்காது. பானை வாங்காத வரைக்கும் ஊரிலேயே உசத்தியான விருந்து வெர்லின் வைக்கப்போகும் விருந்துதான்.

அவர் மனைவி ஒடீலுக்கு இது வேடிக்கையாக இல்லை. பெரிய வெள்ளியன்று குடும்பமே கூடி கிராஃபிஷ் தின்பது அவள் பிறந்த வீட்டு வழக்கம். அம்மா கண்ணை மூடிய பிறகு அந்த விருந்து அண்ணன் க்ளோவிஸ் வீட்டுக்குப் போய்விட்டது. காரணம் அண்ணனின் கெட்டிக்காரத்தனம் அல்ல. அவரிடம் ஒரு பானை இருந்தது, அவ்வளவுதான். நசுங்கிய பானை, ஒரு காது போன பானை, ஆனால் பானை. அன்றிலிருந்து வருஷாவருஷம் ஒடீல் ஒரு கிண்ணம் உருளைக்கிழங்கு சாலட்டைத் தூக்கிக்கொண்டு, சொந்த அம்மாவின் விருந்துக்கு விருந்தாளியாகப் போய், அண்ணி கைகாட்டிய இடத்தில் உட்கார்ந்து வருகிறாள். அவளுக்கு அது முள்ளாகக் குத்தியது.

போன கிறிஸ்துமஸ் அன்று சாப்பாட்டு மேசையில் எல்லோர் எதிரிலும் சொல்லிவிட்டாள்: வருகிற பெரிய வெள்ளி எங்கள் வீட்டில். வெர்லின் கையிலிருந்த கரண்டி அந்தரத்தில் நின்றது. க்ளோவிஸ் சிரித்தார். கெட்ட மனுஷர் இல்லை, ஆனால் சிரித்தார்.

“தாராளமா வையும்மா. ஆனா இந்தத் தடவை நடக்கலேன்னா, அப்புறம் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. சரிதானே?”

“சரி” என்றாள் ஒடீல்.

பிறகு நடந்ததை நீங்களே ஊகித்திருப்பீர்கள். தவக்காலத்துக்கு முந்தின மார்டி கிரா கொண்டாட்டம் வந்தது, போனது. சாம்பல் புதன் வந்தது, போனது. வெர்லின் எலோய் கடை நாற்காலியிலேயே இருந்தார். குருத்தோலை ஞாயிறு நெருங்கியபோது ஒடீல் சண்டை போடவில்லை, அழவில்லை. நாளைக் காலையில் எலோய் கடைக்குப் போவேன், வாசலுக்குக் கிட்டத்தில் எந்தப் பானை இருக்கிறதோ அதைத் தூக்கிக்கொண்டு வருவேன் என்று மட்டும் சொன்னாள். வெர்லினுக்கு முகம் வெளுத்துவிட்டது. வாசலுக்குக் கிட்டத்தில் இருக்கும் பானையா! பார்க்காமலா! தட்டாமலா!

அந்தப் பயத்தில்தான், வாழ்க்கையில் முதல் தடவையாக, மனுஷர் ஒன்றை வாங்கினார். சாதாரணப் பானை அல்ல. அபவில்லில் ஒரு வெல்டரைப் பிடித்து, பானை, அடுப்பு, கூடை, வடிகுழாய் எல்லாம் ஒரே சட்டத்தில் பற்றவைத்து, ஒரு நெம்புகோலை அழுத்தினால் கூடை தானே கவிழ்ந்து மேசையில் கொட்டுகிற மாதிரி, அடியில் சக்கரமும் வைத்து, பிக்கப் வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துவரும் ஒரு பெரிய சாதனம். ஊர்த் தேர் ஒன்றுதான் குறை என்று சொல்ல இடமில்லாமல் செய்துவிட்டார். பானைச் சுவரின் கனத்தை அளந்தார், தீயின் உயரத்தை அளந்தார், துடுப்பின் நீளத்தை அளந்தார்.

பெரிய வெள்ளி காலையில் தேர் வந்து சேர்ந்தது. மூட்டைகளும் வந்து சேர்ந்தன. கொல்லையில் மேசை போட்டு, செய்தித்தாள் விரித்து, பறக்காமல் இருக்க ஒடீல் கல்லும் வைத்துவிட்டாள். வெர்லின் வண்டியைப் பின்னுக்கு ஓட்டிக்கொண்டு, வீட்டுக்கும் வேலிக்கும் நடுவே இருக்கும் கேட்டுக்கு வந்தார்.

தேர் நுழையவில்லை.

இடித்துப் பார்த்தார், ஒடித்துத் திருப்பிப் பார்த்தார், இறங்கி நின்று முறைத்தும் பார்த்தார். ஒரு முழம் இடிக்கிறது. ஊரார் வேலியையெல்லாம் அளந்து கொடுத்த மனுஷர், சொந்த வீட்டுக் கேட்டை அளக்கவில்லை! தேர் முன்வாசல் புல்தரையில், ரோட்டைப் பார்த்தபடி, ஜம்மென்று நின்றது.

சுற்றம் ஒவ்வொரு வண்டியாக வந்து இறங்கியது. எல்லோரும் தேரைப் பார்த்தார்கள், கேட்டைப் பார்த்தார்கள், பிறகு வானத்தைப் பார்த்தார்கள். கடைசியாக க்ளோவிஸ் வந்தார். வந்தவர் வெர்லின் தோளில் கை போட்டு, தணிந்த குரலில் சொன்னார்:

“மாப்ளே, வண்டியில என் பானை கிடக்கு. எதுக்கும் இருக்கட்டும்னு போட்டுட்டு வந்தேன். இறக்கட்டுமா?”

கேலியாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. அன்பாகச் சொன்னார். ஒடீலுக்கு அதுதான் தாங்கவில்லை.

“வேணாம் அண்ணா. உன் பானையில வெந்தா அது உன் வீட்டு விருந்து.”

வெர்லினுக்கு அதற்குள் ஒரு யோசனை பிறந்திருந்தது. கேட்டைக் கழற்றி, கம்பத்தைப் பிடுங்கிவிட்டால் தேர் தாராளமாகப் போகும். அதற்கு ஒரு ஸ்பேனர் வேண்டும். வீட்டில் இருக்கும் ஸ்பேனர் மோசமில்லை, ஆனால் இந்த நட்டுக்குப் பொருத்தமாக எலோய் கடையில் மூன்று விதம் பார்த்த ஞாபகம். அவர் கார் சாவியைத் தேட ஆரம்பித்தார்.

“வெர்லின்” என்றாள் ஒடீல். “இங்க வந்து மூட்டையைத் தொட்டுப் பாரு.”

தொட்டார். நிழல் நகர்ந்து மூட்டைமேல் வெயில் விழுந்திருந்தது. காலையில் சலசலவென்று நெளிந்துகொண்டிருந்த மூட்டை இப்போது சோர்ந்து, எப்போதோ ஒரு தடவை அசைந்தது. உயிர் போன கிராஃபிஷை அந்த ஊரில் ஒருவரும் தொட மாட்டார்கள்.

“இன்னும் கொஞ்ச நேரம் போனா குப்பையிலதான் கொட்டணும். இங்கேயே பத்த வை.”

“ரோட்டுலயா? சிலுவைப்பாதைக்காரங்க நடந்து வர்ற நேரம், ஒடீல். விரதம் இருக்கிறவங்க மூக்குக்கு முன்னாடி...”

“மூணு மணிக்கு விரதம் முடிஞ்சிரும். நாம மூணு மணிக்கு இறக்குவோம். நெருப்பைக் குடு.”

வெர்லின் பைக்குள் கை விட்டார். வலது பையிலிருந்து ஒரு தீப்பெட்டி வந்தது. இடது பையிலிருந்து நீள மூக்கு வைத்த லைட்டர் வந்தது. இரண்டையும் இரண்டு உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, இதைப் பார்த்தார், அதைப் பார்த்தார். “ம்ம்” என்றார்.

ஒடீல் எது என்று பார்க்காமல் ஒன்றைப் பிடுங்கினாள். குப்பென்று தீ பிடித்தது.

அதற்கப்புறம் அந்த வாசலில் நின்றவள் வெர்லினின் மனைவி அல்ல, அவள் அம்மாவின் மகள். செத்ததைப் பொறுக்கி எறிந்தாள், உயிருள்ளதை அலசச் சொன்னாள், உப்பைக் கையாலேயே அள்ளிப் போட்டாள், ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து இன்னும் ஒரு கை போட்டாள். கொதி வந்ததும் மூட்டைகளைக் கவிழ்த்து, மறுகொதி கண்டதும் தீயை அணைத்து, காரம் இறங்கட்டும் என்று ஊறவிட்டாள். அண்ணியைப் பார்த்து, கொல்லையிலிருந்து மேசையைத் தூக்கி வரச் சொன்னாள். அண்ணி தூக்கி வந்தாள்!

மூன்று மணி மணியோசை கேட்டபோது, ஓடைக்கரை மரங்களில் அடித்திருந்த சிலுவைகளையெல்லாம் தொழுது முடித்து, காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாத ஒரு கூட்டம், பாதிரியார் முன்னால் வர, தளர்ந்த நடையில் வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. வெர்லின் நெம்புகோலை அழுத்தினார். சிவப்புச் சிவப்பாய் ஆவி பறக்க மேசை நிறைந்தது. தாண்டிப் போன கூட்டம் நின்றது. வாசல் வரை வந்தவரை உண்ணாமல் அனுப்புகிற வழக்கம் அந்தப் பக்கத்தில் கிடையாது. ஒடீல் கையை அசைத்துக் கூப்பிட்டாள். க்ளோவிஸ் வீட்டு விருந்துக்கு எந்த வருஷமும் பாதிரியார் வந்ததில்லை.

ஆனால் வெர்லினின் கண் க்ளோவிஸ்மேல்தான் இருந்தது. க்ளோவிஸ் ஒன்றை எடுத்தார், திருகினார், வாலை உரித்து வாயில் போட்டார், தலையை உறிஞ்சினார், மென்றார்.

“அம்மா போட்ட உப்பு” என்றார் க்ளோவிஸ் தங்கையைப் பார்த்து. அவர் கண் கலங்கியிருந்தது; காரத்தால் என்று சொல்லிக்கொண்டார். ஒடீல் திரும்பி நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இத்தனை வருஷம் நெஞ்சில் குத்தியிருந்த முள் அந்த ஒரு சொல்லில் வெளியே வந்துவிட்டது.

வெர்லினுக்கு உயிர் திரும்பி வந்தது. வந்ததும் முதல் காரியமாக, அது நல்ல பானை என்று தாம் முன்பே சொன்னதாகப் பாதிரியாரிடம் விளக்க ஆரம்பித்தார். ஆனால் கதையில் சொல்ல வேண்டியது இனிமேல்தான்.

கூட்டம் கலைகிற நேரம். க்ளோவிஸ் தன் பிக்கப் வண்டிக்குப் போனார். அதில் கிடந்த ஒற்றைக் காதுப் பானையை என்றைக்கும் இல்லாமல் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு திரும்பி வந்தார். தேரை ஒரு சுற்றுச் சுற்றினார். மூடியைத் தூக்கினார். குனிந்து அடுப்பைப் பார்த்தார். விரலை மடக்கி ஒரு தட்டு. டொங்.

“ம்ம்” என்றார். “ஏன் மாப்ளே, இது அலுமினியமா, எவர்சில்வரா? என் பானையும் பழசாயிடுச்சு. புதுசா ஒண்ணு பாக்கணும்.”

வெர்லின் அவர் தோளில் கை போட்டார்.

“அவசரப்படாதீங்க மச்சான். நல்லாப் பாத்து எடுக்கலாம். சனிக்கிழமை எலோய் கடைக்கு வாங்க.”

மேசையைத் துடைத்துக்கொண்டிருந்த ஒடீலின் காதில் இது விழுந்தது. அவள் கை ஒரு கணம் நின்றது. பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு துடைத்தாள். அடுத்த பெரிய வெள்ளியும் அதற்கு அடுத்ததும் யார் வீட்டில் என்ற கவலை அவளுக்கு அதோடு தீர்ந்தது. எலோய் கடையில் இப்போது இரண்டு நாற்காலி.

நமக்கென்ன, லூசியானாக்காரர் பாடு என்று சிரித்துவிட்டுப் போகலாம். போங்கள். போகிற போக்கில் ஒன்று மட்டும்: கொஞ்சம் முன்னால் க்ளோவிஸ் கேட்டாரே ஒரு கேள்வி, அதற்கு வெர்லின் பதில் சொல்லவில்லை. அந்த இடத்தில் உங்கள் மனசு, ‘ஆமாம், கடைசியில் அது அலுமினியமா, எவர்சில்வரா?’ என்று ஒரு நிமிஷம் நின்றதா?

நின்றது என்றால், மூன்றாவது நாற்காலிக்குச் சொல்லிவைக்கலாம். மரத்தில் வேண்டுமா, பிளாஸ்டிக்கில் வேண்டுமா?