சவுரிராயன் குடித்த மூன்று டம்ளர்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு, திண்டிவனத்தில் அந்த வீட்டின் முன்னறையில் உட்கார்ந்திருந்தவர்கள் மொத்தம் நான்கு பேர். ஃபேனுக்கு நேர் கீழே, கைவைத்த நாற்காலியில், விழுப்புரத்திலிருந்து வந்திருந்த சவுரிராயன். அவருக்கு இடப்பக்கம், கூப்பிட்டால் உடனே எழுந்திருக்கத் தோதாகக் கட்டிலின் ஓரத்தில், வீட்டுக்காரன் செல்வகுமார். டி.வி.க்குக் கீழே தரையில் காலை நீட்டிக்கொண்டு, அவன் அம்மா முனியம்மாள். வாசற்படியில் செருப்புகளுக்குப் பக்கத்தில், சவுரிராயனின் கார் டிரைவர் ஹமீத்.

ஐந்தாவது ஆளான கலையரசிக்கு உட்கார இடமும் இல்லை, நேரமும் இல்லை. அவள் அடுப்படிக்கும் முன்னறைக்கும் நடுவே நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். செல்வகுமாரின் மனைவி அவள்தான். சவுரிராயன் வந்திருந்ததும் அவளுக்காகத்தான்.

விழுப்புரத்தில் ஒரு பெண்கள் விடுதி. இருநூறு பிள்ளைகளுக்கும் தினம் சாயங்காலம் ஆளுக்கொரு டம்ளர் மஞ்சள் மிளகுப் பால் கொடுப்பதென்று நிர்வாகம் முடிவு செய்திருந்தது. காய்ச்சிக் கொடுக்க ஆள் வேண்டும். கலையரசி எழுதிப் போட்டிருந்தாள். குடித்துப் பார்த்துக் கடிதம் எழுத நிர்வாகம் அனுப்பிய ஆள் சவுரிராயன்.

நாற்பது வருஷம் விடுதி மெஸ்களை மேற்பார்வை பார்த்த மனிதர். அவர் எழுதிய ஒரே கடிதத்தில் ஒரு மெஸ் இழுத்து மூடப்பட்டது என்பார்கள். இன்னொரு கடிதத்தில் ரசம் வைக்கிறவருக்குப் பதவி உயர்வே வந்ததாம்.

அந்தக் கடிதம் நல்லபடியாக அமைந்தால், கலையரசி விடிகாலை நாலரைக்கு எழுந்து கிளியனூர் வழியாகப் புதுச்சேரி போகும் கம்பெனி வேனில் ஏற வேண்டாம். மத்தியானம் ரயிலேறி விழுப்புரம் போய்ப் பாலைக் காய்ச்சிக் கொடுத்துவிட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். நாலாவது படிக்கும் மகளுக்குத் தினமும் தன் கையால் தலை பின்னிப் பள்ளிக்கூடம் அனுப்பலாம். இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை தவிர மற்ற நாட்களில் அவள் மகளைத் தூங்கும்போதுதான் பார்க்கிறாள். இந்த ஞாயிற்றுக்கிழமையும், வீடு அமைதியாக இருக்கட்டும் என்று மகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தாள்.

கலையரசியின் கைப்பக்குவத்தில் குறை சொல்ல முடியாது. விரலி மஞ்சளை லேசாக வறுத்து, மிளகு, சுக்கு, ஏலக்காய் சேர்த்து இடித்துச் சலித்துப் பாட்டிலில் போட்டு வைப்பாள். பாலில் ஒரு கொதி, பிறகு இறக்கிப் பனங்கற்கண்டு. கம்பெனியில் யாருக்கு இருமல் வந்தாலும் அவளுடைய ஃபிளாஸ்க்கைத்தான் தேடி வருவார்கள்.

முதல் டம்ளரை நீட்டினாள். சவுரிராயன் சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து, "பத்து நாப்பத்தி ஒண்ணு" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். பிறகு குடித்தார். டம்ளரின் விளிம்புக்கு மேலே அவர் கண்கள் மட்டும் தெரிந்தன. அவை கலையரசியையே பார்த்தன. அவளுக்குச் சந்தேகம் தட்டியது. உள்ளே ஓடிப்போய்க் கரண்டியில் ஒட்டியிருந்ததை நக்கிப் பார்த்தாள்.

நாக்கில் முதலில் பச்சைப்பயறு வந்தது. அடுத்து ஆவாரம்பூ. அதற்கும் பின்னால், கல்யாண வீட்டில் பெண்ணை நலங்கு வைத்துக் குளிப்பாட்டுகிற வாசனை. பாத்திரத்தின் ஓரத்தில் நுரை வேறு.

"அத்தே, கொஞ்சம் உள்ள வாங்க."

முனியம்மாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"இந்தப் பாட்டில்ல என்னா போட்டீங்க?"

"கால் பாட்டில்தான் இருந்திச்சு. பெரிய மனுசன் வந்துக்கினு இருக்காரு, பாட்டில் காலியா இருந்தா நல்லாவா இருக்கும்? என் பொடி இருந்திச்சு, அதைக் கொட்டி ரொப்பிட்டேன்."

"என்னா பொடி?"

"குளிக்கிற பொடி."

கலையரசி அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏம்மே அப்பிடிப் பாக்கற? அதுலயும் மஞ்சள்தான் கீது. கஸ்தூரி மஞ்சள். உன்னுதவிட வெல ஜாஸ்தி."

கலையரசி முன்னறைக்கு ஓடினாள். சவுரிராயன் டம்ளரைக் கீழே வைத்திருந்தார். அடியில் ஒரு சொட்டுக்கூட மிச்சமில்லை. முகத்தில் ஒரு சுளிப்பில்லை. பேயறைந்த மாதிரி நின்ற அவளை நிதானமாகப் பார்த்தார். நோட்டில் ஏதோ குறித்தார்.

"இன்னொரு டம்ளர் குடும்மா."

அவளால் நம்ப முடியவில்லை. குளிக்கிற பொடியைக் கரைத்துக் கொடுத்திருக்கிறாள். மனிதர் ஒரு வார்த்தை சொல்லாமல் இன்னொரு சந்தர்ப்பம் தருகிறார். 'இப்படியும் ஒரு ஆளா' என்று நினைத்துக்கொண்டே உள்ளே போனாள். செல்வகுமார் பின்னாலேயே வந்தான்.

"பொடியைத் தூக்கிக் கடாசு கலை. பச்சையா போட்டாத்தான் சத்துன்னு வீடியோவுல காட்டறான். பச்சை மஞ்சள், பச்சை இஞ்சி. நீ பாலை வை, நான் துருவித் தர்றேன்."

"இஞ்சி வேணாங்க, பால் திரிஞ்சி பூடும்."

"அவன் போட்டானே, திரியலையே! இருவது லட்சம் பேர் பாத்துக்கினு இருக்காங்க."

வேறு வழி தோன்றவில்லை. கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. பால் பொங்கி வந்த நேரத்தில் அவன் ஒரு கைப்பிடித் துருவலை அப்படியே உள்ளே போட்டான். இருவது லட்சம் பேர் பார்த்தது எந்தப் பாலையோ, இந்தப் பால் கண்ணெதிரிலேயே உடைந்தது. மேலே மஞ்சள் கட்டி, கீழே மஞ்சள் தண்ணி.

"வடிகட்டிடு" என்றான் செல்வகுமார்.

"வடிகட்டினா வெறும் தண்ணிங்க!"

"வடிகட்டலைன்னா கட்டி. எது பரவால்ல சொல்லு."

"ஆறிடப் போவுதும்மா" என்று முன்னறையிலிருந்து சவுரிராயனின் குரல் வந்தது. அந்தக் குரலுக்குப் பயந்து கை தானாக வடிகட்டியை எடுத்தது. இருந்த பனங்கற்கண்டு முழுவதையும் அதில் போட்டுக் கலக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"பத்து அம்பத்தி ஆறு" என்று எழுதிவிட்டுச் சவுரிராயன் குடித்தார். இந்த முறை கலையரசி நகரவில்லை. பக்கத்திலேயே நின்று அவர் தொண்டையைப் பார்த்தாள். திரிந்த பாலின் தண்ணீர், அதில் பச்சை இஞ்சியின் காரம், பச்சை மஞ்சளின் கசப்பு. அத்தனையும் வாய்க்கால் தண்ணீர் வயலுக்குள் இறங்குவது போல ஒரே சீராக இறங்கியது. புருவம் அசையவில்லை. செல்வகுமார் மிச்சத்தில் ஒரு வாய் குடித்துவிட்டு ஜன்னல் வழியாகத் துப்பின சத்தம் உள்ளேயிருந்து கேட்டது.

போன வருஷம் கம்பெனித் தோழி ஒருத்தி மேல்சித்தாமூர் சமணக் கோயிலுக்கு அழைத்துப் போயிருந்தாள். அங்கே ஒரு முனிவர் நின்றபடியே உள்ளங்கையில் வாங்கி உண்டதைப் பார்த்தாள். இனிப்பு வைத்தபோதும் கஞ்சி வைத்தபோதும் அந்த முகம் ஒன்றாகவே இருந்தது. அன்றைக்கு உடம்பு சிலிர்த்தது. இன்றைக்கு, தன் வீட்டு நாற்காலியில், பேன்ட் சட்டை போட்ட ஒருவரைப் பார்த்து அதே சிலிர்ப்பு வந்தது. பயம் போன இடம் தெரியவில்லை.

சவுரிராயன் டம்ளரை வைத்தார். அவளை உற்றுப் பார்த்தார். தலையை ஒருமுறை ஆட்டினார்.

"பரவாயில்ல. இன்னும் ஒண்ணு குடும்மா. இதான் கடைசி."

ஹமீத் வாசற்படியில் இருந்தபடி திரும்பிப் பார்த்துச் சிரித்தான். "ஜல்தி போடுங்கக்கா. சார் மூணாவது கேட்டா நல்ல சகுனம்."

"தம்பி, உனக்கு ஒரு டம்ளர்?" என்று முனியம்மாள் கேட்டாள்.

"ஐயய்யோ, வேணாம்மா. எனக்கு டீ போதும்."

செல்வகுமார் தெருமுனைக் கடைக்கு ஓடிப் புதுப் பாக்கெட் பால் வாங்கி வந்தான். இந்தத் தடவை கலையரசி யாரையும் அடுப்பங்கிட்டே விடவில்லை. சமையல் மஞ்சள்தூள், மிளகு, தட்டிய சுக்கு. பால் அழகாகக் கொதித்தது. பொன் நிறம், நல்ல வாசனை. இறக்கினாள். இனிப்புக்குக் கையை நீட்டியபோதுதான் நினைவு வந்தது, பனங்கற்கண்டு டப்பா காலி.

"அத்தே! கல்கண்டு இருக்கா?"

"சாமி அலமாரில கிண்ணத்துல கீது, எடுத்துக்கோ."

வெள்ளைக் கிண்ணம், வெள்ளைக் கற்கள். ஒரு கை அள்ளிப் போட்டு, நன்றாகக் கரைத்து, நுரை வர ஆற்றி, நிமிர்ந்து நடந்து போய்க் கொடுத்தாள். "பதினொண்ணு பத்து" என்று எழுதிவிட்டு அவர் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோன அதே நேரம், செல்வகுமார் அம்மாவிடம் கேட்டான்.

"ஏம்மா, அது கல்கண்டா? வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை லட்சுமின்னு வாங்கி வைப்பியே, அந்தக் கல்லுப்புன்னு நெனச்சேன்."

"கல்லுப்பு இந்தப் பக்கம், கல்கண்டு அந்தப் பக்கம்" என்றாள் முனியம்மாள். கொஞ்சம் யோசித்தாள். "போன வாரம் அலமாரியைத் தொடச்சி மாத்தி வச்சேனோ?"

தடுக்கக் கலையரசி கையை நீட்டினாள். அதற்குள் சவுரிராயன் குடிக்க ஆரம்பித்துவிட்டார். ஒரு கை கல்லுப்பு கரைந்த பால். ஒரு மடக்கு. இரண்டு மடக்கு. கண்ணை மூடவில்லை, இருமவில்லை, தண்ணீர் கேட்கவில்லை. மாடு குடித்தாலும் உதறிவிட்டுப் போகும். அந்த மனிதர் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார்.

கலையரசி தன்னை மறந்தாள். ஒருத்தியின் பிழைப்புக் கெட்டுவிடக் கூடாது என்பதற்காக ஒருவர் இத்தனையையும் விழுங்குவாரா? அவளுடைய இரண்டு கைகளும் தாமாகக் குவிந்தன. கண் நிறைந்தது. விடிகாலையில் கிழக்கு வெளுப்பதைப் பார்க்கிறவளைப் போல வாய் லேசாகத் திறந்து நின்றாள்.

டம்ளர் கீழே இறங்கியது. சவுரிராயன் அவளையே வெகுநேரம் பார்த்தார்.

"போதும்" என்றார். குரல் கரகரத்தது. "போதும்மா."

பையைத் திறந்து வெள்ளைத்தாள், கார்பன், அட்டை மூன்றையும் எடுத்தார். தேதி போட்டார். அடிக்கோடு போட்டார். எழுதி முடித்துவிட்டு, அவர் வழக்கப்படி, உரக்கப் படித்தார்.

"மேற்படி அம்மையார் அளித்த பானத்தை இன்று மூன்று முறை அருந்தினேன். முதலாவது ஐயத்துக்கு இடமானது. இரண்டாவது தேறியது. மூன்றாவதைப் போன்ற ஒன்றை என் நாற்பதாண்டுப் பணியில் நான் கண்டதில்லை. இப்பணியை வேறு எவருக்கும் வழங்க வேண்டாம்."

செல்வகுமார் கட்டிலிலிருந்து எழுந்தே விட்டான். "நான்தான் சொன்னேனே, அதுலயும் மஞ்சள்தான்னு" என்றாள் முனியம்மாள்.

"சார்," என்றாள் கலையரசி, "நான் ஒண்ணு சொல்லணும். அந்த மூணாவது..."

"எழுதினப்புறம் பேச்சு கெடையாது" என்றார் சவுரிராயன். கடிதத்தை எட்டாக மடித்து உறையில் போட்டார். இரண்டு சோற்றுப் பருக்கை கேட்டு வாங்கி, நசுக்கி, ஒட்டி, விரலால் மூன்று முறை நீவினார். தபால்தலை ஒட்டினார். நகலை அவளிடம் கொடுத்தார்.

"விழுப்புரத்துக்குத்தானே போறீங்க, கையிலயே குடுக்கலாமே சார்?" என்று செல்வகுமார் கேட்டான்.

"கையில குடுத்தா அது சிபாரிசு. தபால்ல போனாத்தான் சாட்சி. ஹமீத், போட்டுட்டு வாப்பா."

ஹமீத் உறையோடு தெருமுனைக்கு நடந்தான். கலையரசி செருப்புக்கூடப் போடாமல் பின்னால் ஓடினாள். சிவப்புப் பெட்டியின் வாய்க்குள் அவன் பாதி உறையை நுழைத்திருந்தபோது எட்டி அவன் கையைப் பிடித்தாள்.

"தம்பி, அதைப் போடாத. அது தப்பான கடிதம். நான் குடுத்தது உப்புப் பால். முதல்ல குடுத்தது குளிக்கிற பொடி. எனக்காக ஒரு மகான் அதையெல்லாம் குடிச்சிருக்காரு. இந்தப் பாவம் எனக்கு வேணாம்."

ஹமீத் அவளை ஏற இறங்கப் பார்த்தான். உறையை விட்டான். அது பெட்டிக்குள் தொப்பென்று விழுந்தது.

"பேஜாரு பண்ணாதீங்கக்கா, கொரோனாவுல போன ருசியும் வாசனையும் சாருக்கு இன்னும் திரும்பி வரவே இல்ல; வெளிய சொல்ல மானம் விடல, அதான் குடுக்கறவங்க மூஞ்சி எவ்ளோ மின்னுதுன்னு பாத்து எழுதிக்கினு இருக்காரு!"