லட்சுமி சாத்திய கதவு

சாதாரண தரப் பரீட்சை எழுதிய பிள்ளைகளுக்குத் தொழில் வழிகாட்டல் கூட்டம் வைத்தால், இப்போதெல்லாம் என்னையும் பேச அழைக்கிறார்கள். பெண் தச்சர் என்றால் யாரும் பார்க்காத ஒரு புதினம்தானே. "மிஸ், நீங்க ஏன் இந்தத் தொழில எடுத்தீங்க?" என்று யாராவது ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும். மரத்தின் வாசனை, கைத்தொழிலின் கண்ணியம் என்று நன்றாக அளந்துவிட்டு இறங்குவேன். அத்தனையும் புளுகு. தொழிற்பயிற்சி நிலையத்தில் பெயர் பதியப் போன அன்று தையலுக்கும் அழகுக்கலைக்கும் கேட் வரைக்கும் வரிசை நின்றது. தச்சு வேலை மேசைக்கு முன்னால் ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது. நான் நாய்க்குப் பின்னால் போய் நின்றேன். (நாய்க்கு இடம் கிடைக்கவில்லை.)

அந்த நிலையம் இருந்தது குருநாகலில். மலையில் டயகம பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள் அங்கே போனதற்குக் காரணம், அங்கே வாழ்க்கைப்பட்டிருந்த என் சித்தி. சோறும் படுக்கையும் சித்தி வீட்டில். முதல் வாரம் பெருவிரலைத்தான் அதிகம் அடித்தேன். ஆனால் பலகையை இழைக்கும்போது சுருள் சுருளாகச் சீவல் வந்து விழும் பாருங்கள், அதைப் பார்த்த பிறகு வேறு எந்த வேலையிலும் எனக்கு மனம் ஒட்டவில்லை. இது மட்டும் புளுகு இல்லை.

வீட்டில் இது எடுபடவில்லை. அம்மா கொழுந்து பறிப்பவள், அப்பா தேயிலை வெட்டும் கவ்வாத்துக்காரர். மகள் பாலர் பாடசாலை டீச்சராகக் குடை பிடித்துக்கொண்டு போவாள் என்று இரண்டு பேரும் கனவு கண்டிருந்தார்கள். அம்மாவின் தம்பி, கொழும்பில் ஒரு புடவைக் கடையில் மேற்பார்வையாளர். அவர் எனக்கு அதே கடையில் வேலை பேசி வைத்துவிட்டார்.

"பொம்பளப் புள்ள தச்சு பாஸ் வேல செஞ்சா எவன் மச்சான் கட்டுவான்? ஃபேனுக்குக் கீழ நின்னு சீல மடிக்கிற வேல. அனுப்பி வைங்க" என்றார் மாமா.

அப்பா அப்போது, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குக் கீழே கிடைத்த துண்டு நிலத்தில் ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தார். வருஷக்கணக்காக, கல் கல்லாகக் கட்டிய வீடு. சுவர் நின்றது, கூரை போட்டாயிற்று, முன்கதவு மட்டும் பாக்கி. அவருடைய அப்பா லயத்தில் பிறந்து லயத்திலேயே கண்ணை மூடியவர். இவருக்கோ தன் பெயரில் ஒரு கதவு வேண்டும், உள்ளே இருந்து தாழ்ப்பாள் போட வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

"புள்ள கதவு செஞ்சி தரட்டும் மச்சான்" என்றார் கடைசியில். "வைகாசியில குடிபோறோம். நீயும் வா. கதவப் பாத்துட்டு முடிவு சொல்றேன்."

ஆக, என் தலையெழுத்து முழுவதும் ஒரு கதவில் வந்து தொங்கியது.

வாசல் நிலையின் அளவை அப்பா போனில் சொன்னார். நான் குருநாகல் வெயிலில் நன்றாகக் காய்ந்த பலாப்பலகை எடுத்து, நிலையையும் கதவையும் சேர்த்தே செய்தேன். பயிற்சி நிலையத்து வளாகத்தில் நிறுத்திச் சாத்திப் பார்த்தால், இடுக்கில் ஒரு தாள்கூட நுழையாது. அத்தனை கச்சிதம். எங்களுக்குப் படிப்பித்த சிங்கள ஸேர் வந்து இடுக்கைத் தடவிப் பார்த்தார்.

"ஒங்க ஊரு ஈரமான ஊரு, மகள். சுத்திவர கொஞ்சம் எடம் விடு" என்றார் சிங்களத்தில்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எங்கள் ஊரைப் பற்றி எனக்கா சொல்கிறார்? நான் பிறந்த ஊரில் உப்பு தானாகக் கரையும், தீப்பெட்டி பற்றாது, பெட்டிக்குள் வைத்த செருப்பில் பூஞ்சணம் பூக்கும். துவைத்த பாவாடை காய ஒரு வாரம் பிடிக்கும், அதுவும் அடுப்புக்கு மேலே தொங்கவிட்டால். இத்தனையும் தெரிந்தவள்தான் நான். ஆனால் மரமும் அதே காற்றைத்தான் குடிக்கும் என்பது மட்டும் இந்த மண்டையில் ஏறவில்லை. பாவாடை வேறு, பலா வேறு என்று நினைத்துக்கொண்டேன் போலிருக்கிறது. இடம் விடவில்லை.

தம்புள்ளையில் மரக்கறி இறக்கிவிட்டு வெறுமனே மலையேறும் லொறியில் கதவு ஊர் வந்து சேர்ந்தது. வந்த அன்றே மழை பிடித்துக்கொண்டது. லயத்துக் கொல்லையில் படங்கு என்கிற தார்ப்பாய் போட்டு மூடி வைத்தேன். குடிபோவதற்கு முதல் நாள் மாட்டியபோது சாத்துவதற்குத் தோளால் தள்ள வேண்டியிருந்தது. "இறுக்கமா இருந்தாத்தான் பலம்" என்று அப்பாவிடம் சொன்னேன். அப்பா தலையாட்டினார். கதவைத் துணியால் துடைத்தார், பிறகு சட்டையாலும் துடைத்தார். அன்று அவர் முகத்தைப் பார்த்திருக்கக்கூடாது என்று பிறகு எத்தனையோ தரம் நினைத்திருக்கிறேன்.

மறுநாள் காலை. மூன்று முழத்துக்கு அப்பால் யார் நிற்கிறார்கள் என்று தெரியாத பனி, அதற்குள் தூறல். லயத்துச் சனம் முழுவதும் குடையோடு வாசலில் நின்றது. உள்ளே மஞ்சள் பிள்ளையார், வாழைப்பழம், பால் காய்ச்ச மூன்று கல் அடுப்பு எல்லாம் தயார். புது வீட்டுக்குள் முதலில் மாடுதானே போக வேண்டும்? பெருமாள் அண்ணன் தன் மாட்டுக்குக் குங்குமம் வைத்து, மாலை போட்டுப் பிடித்து வந்தார். மாட்டின் பெயர் லட்சுமி. நிறைமாதச் சினை.

"ரொம்ப விசேஷம்" என்றார் ஐயர்.

லட்சுமி மகாராணி மாதிரி உள்ளே போனாள். அவள் பின்னங்கால் வாசற்படியைத் தாண்டிய அந்த நொடியில், கொழும்பு மாமா கொண்டுவந்த பட்டாசுக் கட்டைக் கொளுத்திப் போட்டார். மாடு மிரண்டது. வாசலில் நின்ற பெருமாள் அண்ணன் கையிலிருந்த கயிறு உருவிக்கொண்டு போனது. உள்ளே ஒரு சுற்றுச் சுற்றிய லட்சுமி, பின்புறத்தால் கதவில் ஓர் இடி இடித்தாள். தடார் என்று கதவு சாத்திக்கொண்டது.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே போய்த் தள்ளினேன். அசையவில்லை. அப்பா தள்ளினார். மாமா தள்ளினார். நிலையும் கதவும் ஒரே மரமாக முளைத்த மாதிரி நின்றன.

"ஓங்கி ஒத விடுங்கடா" என்றது ஒரு குரல்.

"ஐயோ, ஒதைக்காதீங்க!" என்று பெருமாள் அண்ணன் குறுக்கே விழுந்தார். "கதவுக்குப் பின்னாலேயேதான் நிக்குது. சென மாடுங்க! வயித்துல பட்டுச்சின்னா நான் செத்தேன்."

ஜன்னலுக்கெல்லாம் இரும்புக் கம்பி. பின்வாசலைத் தகரம் வைத்து அடித்து, உட்பக்கம் மிச்சச் சீமெந்து மூட்டைகளை அடுக்கியிருந்தார் அப்பா. கதவை நிலையோடு பிடித்திருக்கும் பிணைச்சலைக் கழற்றலாம் என்று பார்த்தால், திருடன் கழற்ற முடியாதபடி அத்தனை பிணைச்சலையும் உட்பக்கமாக வைத்திருந்தேன். (அந்தப் புத்திசாலித்தனத்துக்காக ஸேரிடம் பாராட்டு வாங்கியிருக்கிறேன்.) உள்ளே லட்சுமி எதையோ மெல்லும் சத்தம் கேட்டது.

"நல்ல நேரம் போய்க்கிட்டு இருக்கு" என்றார் ஐயர்.

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். "என்னா பாஸம்மா, கடைக்கு எத்தன மணி பஸ்ஸு?"

அப்பா லயத்துக்குப் போய்க் கோடாலியோடு வந்தார். கதவருகே வந்தவர் நின்றுவிட்டார். கையை ஓங்க அவரால் முடியவில்லை. கோடாலியை என்னிடம் நீட்டினார்.

"மேல் பலகைய ஒட, புள்ள. மாட்டு மேல படாம ஒனக்குத்தான் ஒடைக்கத் தெரியும்."

அந்தப் பலகையை நான் எத்தனை நாள் இழைத்தேன் என்று எனக்குத்தான் தெரியும். கண்ணீர் ஒரு பக்கம், மழை ஒரு பக்கம். ஓங்கிப் போட்டேன். கோடாலி தெறித்தது. மறுபடி போட்டேன், ஒரு சிராய் மட்டும் பெயர்ந்தது. திறக்கத்தான் மறுத்தது என்று பார்த்தால், உடையவும் மறுக்கிறது! நான் கொத்தக் கொத்த, சனம் குடைக்குள் நின்று ஒவ்வொரு கொத்துக்கும் "ச்சூ" கொட்டியது. "கதவு நல்ல கதவுதான்" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. அந்த நேரத்தில் அதைவிடக் கொடுமையான ஒரு பாராட்டு உலகத்தில் கிடையாது.

ஒரு வழியாகப் பலகை பிளந்தது. ஓட்டை வழியாக உள்ளே போய் மாட்டை நகர்த்த வேண்டும். நான்தான் ஒல்லி, ஆகவே நானே ஏறினேன், பட்டுச் சேலையோடு. தலை போனது, தோள் போனது, இடுப்பு போகவில்லை. பாதி உடம்பு உள்ளே, பாதி வெளியே. உள்ளே, மங்கிய வெளிச்சத்தில், லட்சுமி என்னை நெருங்கி வந்தாள். வாழைப்பழம் காலி. அறுகம்புல் காலி. மஞ்சள் பிள்ளையார் இருந்த இடத்தில் ஈர அடையாளம் மட்டும். நிதானமாக என் தலையிலிருந்த கனகாம்பரத்தைத் தின்ன ஆரம்பித்தாள்.

வெளியே மாமா என் காலைப் பிடித்து இழுக்க, அப்பா இன்னொரு காலைப் பிடித்துத் தள்ள, கடைசியில் அப்பா பக்கம் வென்றது. நான் சாணியின் மேல் போய் விழுந்தேன். வலது காலை எடுத்து வைத்துப் போக வேண்டிய வீட்டுக்குள் எங்கள் குடும்பத்தில் முதலில் போனது என் தலை. லட்சுமியை ஓரங்கட்டிவிட்டுக் குரல் கொடுத்ததும் ஆண்கள் சேர்ந்து மோதிக் கதவைத் திறந்தார்கள். பிணைச்சலோடு பெயர்ந்து வந்தது.

நல்ல நேரம் அதற்கு முன்பே முடிந்திருந்தது. ஐயர் வேறொரு நேரம் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். அம்மா உள்ளே வரவில்லை. லயத்து வாசலில் போய் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "நமக்கெல்லாம் லயம்தாங்க எழுதியிருக்கு" என்று அவள் அப்பாவிடம் சொன்னதைக் கேட்டபோது, கோடாலியை என் காலிலேயே போட்டிருக்கலாம் என்று தோன்றியது.

"நாளைக்கே கூட்டிட்டுப் போறேன் மச்சான்" என்றார் மாமா.

அப்பா உடைந்த கதவைப் பார்த்தபடியே சொன்னார்: "வாசல்ல கதவு இல்லியே மச்சான். வேற ஒண்ணு செஞ்சி மாட்டிட்டு வரட்டும்."

"டவுன்ல ரெடிமேட் கதவு விக்கிறான். நான் வாங்கித் தாறேன்."

"எனக்கு வாங்குன கதவு வேணாம்."

ஐயர் சொன்ன மறு நேரத்தில் குடிபோனோம்; ஆனால் அந்த மழைக்காலம் முழுவதும் எங்கள் புது வீட்டின் வாசலில் படங்குதான் தொங்கியது. பலகைகளை அடுப்புக்கு மேலே பரண் கட்டி அடுக்கியிருந்தேன். அவை காயும் வரை காத்திருக்க வேண்டும். அம்மாவையும் என்னையும் உள்ளறையில் படுக்கச் சொல்லிவிட்டு, அப்பா வாசலுக்கு நேரே பாய் போட்டுப் படுத்தார். கேட்பவர்களுக்கெல்லாம் "மக கதவு செய்றா" என்று ஒரே பதில். அவருக்கு இருமல் வந்தது அந்த மழையில்தான். அது பிறகு முழுவதுமாக விடவே இல்லை. பலகை காயட்டும் என்று நான் பொறுமையாக இருந்தேன், அவர் நெஞ்சு நனைந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை.

தை மாதம் கதவை மாட்டினேன். இந்த முறை சுற்றிவர இடம் விட்டேன். அப்பா திறந்து பார்த்தார், சாத்திப் பார்த்தார். பெருமாள் அண்ணனிடம் போய் லட்சுமியைப் பிடித்து வந்தார், பின்னாலேயே அவள் கன்றும் ஓடி வந்தது. இரண்டையும் உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினார். ஒற்றை விரலால் தள்ளினார், திறந்தது. அங்கேயே நின்று மாமாவுக்குப் போன் போட்டார்.

"மச்சான், கதவு தெறக்குது. புள்ள கடைக்கு வரமாட்டா."

அதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் எத்தனையோ புது வீடுகளுக்கு நான் கதவு செய்துவிட்டேன். கதை எனக்கு முன்னால் போய்விடும். ஓடர் கொடுக்க வருபவர்கள் அளவைச் சொல்வதற்கு முன்பே "மாடு வெளிய வருமா?" என்று கேட்பார்கள். போதாததற்கு, புது வீட்டுக்குள் மாடு நுழையும்போது ஓர் ஆள் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பது இங்கே ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. ஐயரே சாஸ்திரத்தில் இருப்பது மாதிரி, "கதவு பிடிக்கிறவா வந்தாச்சா?" என்று கேட்கிறார். நான் செய்த கதவுகளையெல்லாம் பிடித்தவர் அப்பாதான். வேட்டி கட்டி, தலைப்பாகை கட்டி, இருமலை அடக்கிக்கொண்டு, மாப்பிள்ளைத் தோழன் மாதிரி விறைப்பாக நிற்பார்.

அப்பா போன வருஷம் போய்விட்டார். போன மாதம் ஒரு புது வீட்டுக் குடிபூரல். மாடு வந்து வாசலில் நின்றது, ஐயர் வழக்கம்போலக் கேட்டார், சனமும் வழக்கம்போலச் சிரித்தது. யாரும் முன்னால் வரவில்லை. நானே போய்ப் பிடித்துக்கொண்டேன்.