கரிப்பெட்டிக்குத் தடையில்லை

என் வாழ்வின் பெரிய அவமானம் ஓர் இஸ்திரிப் பெட்டியால் நேர்ந்தது என்பதை நான் இதுவரை எழுத்தில் ஒப்புக்கொண்டதில்லை. இப்போது ஒப்புக்கொள்வதைப் பெருந்தன்மை என்று யாரும் கருதிவிட வேண்டாம். இந்தக் கதையை என் குடும்பத்தார் அவரவர் விருப்பப்படி சொல்லிவருகிறார்கள். பிழையற்ற பிரதி ஒன்றாவது இருக்கட்டும் என்றுதான் (வேறு வழியும் இல்லை) நானே எழுத முன்வந்தேன்.

நான் இயற்பியலில் பட்டம் பெற்றவன். ஒளியியல் தாளில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண். இந்தத் தகவலை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் சிரிக்க வசதியாக இருக்கும். திருவொற்றியூர்த் தொழிற்சாலை ஒன்றின் பண்டகசாலையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் பணியாற்றி, பதிவேட்டில் ஓர் அடித்தல் திருத்தம்கூட இல்லாமல் ஓய்வு பெற்றேன். சுருக்கம் விழுந்த சட்டையோடு அங்கே எவரும் என்னைப் பார்த்ததில்லை. "சார் வர்றதுக்கு முன்னாடி அவரு சொக்கா வந்துரும்பா" என்று தொழிலாளர்கள் பேசிக்கொண்டது என் காதிலும் விழுந்ததுண்டு. பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

ஓய்வு பெற்ற ஆண்டில் மகளுக்குக் குழந்தை பிறந்தது. ஆறு மாதத் துணைக்கு என்று கனடா சென்றாள் என் மனைவி சரோஜா. அந்த ஆறு மாதம் இரண்டாவது குழந்தை பிறந்ததும் நீண்டது; குழந்தைகள் பள்ளி செல்லத் தொடங்கியதும் இன்னும் நீண்டது. வீட்டில் நான் மட்டும். சில நாள்களில் மாலை வரை ஒரு சொல்கூடப் பேசியிருக்க மாட்டேன். தொண்டை இயங்குகிறதா என்று அறிய, செய்தித்தாளின் தலையங்கத்தை உரக்கப் படித்து, நடுநடுவே அதை மறுத்தும் பேசுவேன். (வென்றது எப்போதும் நான்தான். அதில் ஒரு சுகமும் இல்லை.)

இந்த நிலையில்தான் ராயபுரத்தில் பாதுகாப்புச் சாதனங்கள் விற்கும் காதர் பாய், சரக்கின் தரம் பார்க்க என்னை அழைத்தார். துறைமுகத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் தலைக்கவசம், கையுறை அனுப்பும் கடை. எனக்கு ஒரு மேசை, ஒரு நாற்காலி, நான்கு மணிக்குத் தேநீர். ரயில் தாமதமானால் கைப்பேசியில், "எங்க சார் கீறீங்க?" என்று கடையிலிருந்து ஒரு குரல் கேட்கும். என்னை எங்கே என்று கேட்க அந்த ஊரில் அப்போது இருந்த ஒரே குரல் அது. அந்த நாற்காலியை இழக்க நான் விரும்பவில்லை.

அப்போது வந்தது அந்தக் கொள்முதல். உள்மாவட்டத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கம் ஒன்று, இரவுப் பணியாளர்களுக்கு ஒளிரும் மேலங்கிகள் கேட்டிருந்தது. இருட்டில் கல்லேற்றி வரும் பெரிய லாரிகளின் ஓட்டுநர்களுக்கு ஆள் தெரிய வேண்டும். விதிமுறைப்படி அமையாத ஒன்றும் ஏற்கப்படாது. முதல் தவணை அறுபது. "நீங்களே பாத்து தேர்வு பண்ணுங்க சார். இது போனா வருசம் முழுக்க ஆர்டர் வரும்" என்றார் பாய்.

தேர்வு என்றால் அது தேர்வு. விதிமுறை ஏட்டைப் பத்து நாள் படித்தேன், குறிப்பெடுத்தேன், அடிக்கோடிட்டேன். கண்ணைப் பறிக்கும் மஞ்சள் எது, வெறும் மஞ்சள் எது என்று வெயிலில் வைத்துப் பார்த்தேன். விளக்கொளியை வந்த திசைக்கே திருப்பும் பட்டை எது, பார்வைக்கு வெள்ளியாக மின்னி ஏமாற்றும் துணி எது என்று குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கைவிளக்கால் சோதித்தேன். தைத்துக் கொடுத்தவர் வண்ணாரப்பேட்டை சலீம். பெண்கள் எண்மர் தையல் இயந்திரத்தில் அமர்ந்திருக்கும் சிறிய பட்டறை அவருடையது. அவர் கொண்டுவந்த மாதிரிகளை மூன்று முறை திருப்பி அனுப்பினேன்.

"பொண்ணு பாக்க வந்தவங்க கூட இவ்ளோ நொட்டை சொல்ல மாட்டாங்க சார்" என்றார் சலீம்.

"நான்காவது மாதிரியில் சலவைக் குறிப்புச் சீட்டு கழுத்துப் பகுதியில் இருக்க வேண்டும்" என்றேன் நான்.

நான்காவது மாதிரி குறையற்றதாக இருந்தது. அறுபதும் அப்படியே தைக்கப்பட்டு ஒரு சனிக்கிழமை வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றிலும் சீட்டு இருக்கிறதா என்று எண்ணி, அறுபதுக்கும் குறியிட்டேன். சீட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை.

குறை ஒன்றே ஒன்று. கோணிக்குள் திணித்துக் கொண்டுவந்ததில் அத்தனையும் கசங்கியிருந்தன. திங்களன்று சுரங்கத்தின் பாதுகாப்பு அலுவலர் நேரில் வருகிறார். என் கையொப்பத்தோடு கசங்கிய உடை ஒன்று அவர் கைக்குப் போவதை என்னால் நினைத்தும் பார்க்க முடியவில்லை.

"கல் ஒடைக்கிற எடத்துக்கு போற சரக்கு சார். கல்யாணத்துக்கா போவுது?" என்றார் பாய்.

நான் மூட்டையை ஆட்டோவில் ஏற்றினேன்.

எங்கள் தெருமுனையில் கஸ்தூரியின் இஸ்திரி வண்டி. என் சட்டைகளைப் பல ஆண்டுகளாகத் தேய்ப்பவள். மூட்டையைப் பிரித்ததும் கேட்டாள்: "இன்னா சார், தெருவுக்கே டிராபிக் போலீஸ் வேலை கெடச்சிருச்சா?"

விளக்கினேன். அவள் ஒரு மேலங்கியை எடுத்துத் தடவினாள். கழுத்துச் சீட்டைத் திருப்பினாள்.

"சார், எனக்கு படிக்க தெரியாது. ஆனா இத்த பாரு. இஸ்திரி பொட்டி படம் போட்டு மேல பெருக்கல் போட்டுகீது. வேணாம்னு சொல்லுது சார்."

உண்மையிலேயே அப்படி ஒரு படம் இருந்தது. அதை நான் அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன். பத்து நாள் படித்தவன் ஒரு நொடியில் என்ன செய்ய வேண்டும்? தவற்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் விளக்கம் அளித்தேன்.

"கஸ்தூரி, அந்தப் படத்தில் இருப்பது மின்சார இஸ்திரிப் பெட்டி. தடை அதற்குத்தான். உன்னுடையது கரிப்பெட்டி."

அவள் பெட்டியைத் திறந்து கரியைக் கிளறினாள். "நெருப்புக்கு அது தெரியுமா சார்?" என்றாள்.

ஒளியியலில் முதல் மதிப்பெண் வாங்கியவனிடம் வெப்பத்தைப் பற்றி இப்படி ஒரு கேள்வி. மேலே ஈரத்துணி விரித்துத் தேய்க்குமாறு உத்தரவிட்டுவிட்டு நிமிர்ந்து நடந்தேன்.

ஞாயிறு மாலை கட்டுகளை ஒப்படைக்கும்போது சொன்னாள்: "அம்பத்தொம்போது போட்டுக்கீறேன். ஒண்ண மட்டும் தொடல. நாளைக்கு எதுனா பேஜாரு ஆச்சுன்னா, மொதல்ல எப்டி இருந்துச்சுன்னு பாக்கணுமில்ல? என் துணியில வேற வெள்ளி வெள்ளியா ஒட்டிகீது சார்."

கசங்கிய அந்த ஒன்றை யார் கண்ணிலும் படாதபடி அடியில் வைத்தேன். மற்றவை நேர்த்தியாக இருந்தன. பட்டைகள்கூட முன்னைவிட வழவழப்பாகத் தெரிந்தன.

திங்கள் பிற்பகலில் அலுவலர் தியாகராஜன் வந்தார். மடிப்புகளைப் பார்த்து, "பரவால்லையே, இவ்ளோ நீட்டா யாரும் அனுப்பினதில்ல" என்றார். நான் தலையை இலேசாக மட்டும் அசைத்தேன். (உள்ளே கச்சேரி.) பிறகு அவர் கிடங்கின் ஷட்டரை இறக்கச் சொன்னார். சுமை தூக்கும் கோபியையும் மாரியையும் ஆளுக்கொரு மேலங்கி அணிந்து கடைசிச் சுவரோரம் நிற்கச் சொன்னார். மாரி மேலாக இருந்ததை எடுத்துக்கொண்டான். கோபிக்கு எதையும் அடியிலிருந்து உருவித்தான் பழக்கம்.

இருட்டில் அலுவலர் நெற்றியில் கட்டியிருந்த தலைவிளக்கு எரிந்தது. கோபி கோயில் கோபுரம்போல் ஜொலித்தான். அவன் பக்கத்தில் மங்கலாக ஏதோ இருந்தது.

"இன்னொருத்தர் எங்கே?" என்றார் தியாகராஜன்.

"நா இங்கதான் சார் கீறேன்" என்றது இருட்டு.

ஒவ்வொன்றாக மாற்றி மாற்றி அணிவித்துப் பார்த்தார்கள். மாரி கண்ணுக்குத் தெரிய வரவே இல்லை.

"டூப்ளிகேட் பட்டை. நல்லது ஒண்ணை வெச்சு ஏமாத்தியிருக்கான். தச்சவன் யாரோ, இனிமே அவன்கிட்ட வாங்காதீங்க பாய்" என்றார் அலுவலர். பாய் கைப்பேசியை எடுத்தார். அதன் வெளிச்சத்தில் அவர் முகம் மட்டும் தெரிந்தது. சலீமின் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தார்.

என்னைக் காப்பாற்றிக்கொள்ள நான் பொய் சொல்லத் தேவையில்லை. சும்மா நின்றால் போதும். என் நாற்காலி எனக்கே இருக்கும். ஆனால் வண்ணாரப்பேட்டையில் எட்டுத் தையல் இயந்திரங்கள் நின்றுபோகும்.

"சலீம் மீது தவறில்லை" என்றேன். "மேலங்கிகள் சலவைக் குறிப்புக்கு மாறான வெப்பத்துக்கு உட்படுத்தப்பட்டுள்ளன."

"யாரால சார்?" என்றார் பாய்.

"என்னால்."

"இஸ்திரி போட்டீங்களா? சுரங்க ஜாக்கெட்டுக்கா?" இது தியாகராஜன். "அதுல போடக் கூடாதுன்னு படமே இருக்குமே?"

"அது மின்சாரப் பெட்டிக்கு என்று கருதினேன். எங்கள் தெருவில் இருப்பது கரிப்பெட்டி."

முதலில் சிரித்தது மாரி. பிறகு எல்லோரும். இருட்டில் யார் முகமும் தெரியவில்லை என்பது அன்று எனக்குக் கிடைத்த ஒரே சலுகை.

கோபி அணிந்திருந்த அந்த ஒன்றை மாதிரியாக ஏற்று, மீண்டும் தைத்து அனுப்பச் சொன்னார் தியாகராஜன். நான் விலகல் கடிதத்தின் முதல் வாக்கியத்தை மனத்துக்குள் அமைத்துக்கொண்டிருந்தபோது பாய் ஷட்டரைத் தூக்கிவிட்டு, "நாலு மணி ஆவப்போவுது. டீ வரும், ஒக்காருங்க சார்" என்றார். உட்கார்ந்தேன். முழங்கால் ரயிலேற மறுத்த நாள் வரை அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். இறந்துபோன மேலங்கி ஒன்று என் தலைக்கு மேலே ஆணியில் தொங்கியது.

அது இப்போது என் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. கஸ்தூரி இன்றும் என் சட்டைகளை வாங்கும்போது, "கரிப்பொட்டிதான் சார், பயம் வேணாம்" என்பாள். ஞாயிறுதோறும் கனடாவிலிருந்து காணொளி அழைப்பு வரும். நலம் கேட்டு, மாத்திரை கேட்டு, மழை கேட்டு முடிக்க மூன்று நிமிடம் போதும். பிறகு பேத்தி, "தாத்தா, ஜாக்கெட்" என்பாள். நான் எடுத்து அணிந்துகொள்வேன். அவள் அங்கிருந்து கைப்பேசி விளக்கைத் திரையை நோக்கி அடிப்பாள். நான் ஒளிர மாட்டேன். எல்லோரும் சிரிப்பார்கள், சரோஜா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரிப்பாள். கதை முடியும் வரை யாரும் அழைப்பைத் துண்டிப்பதில்லை.

முப்பத்து நான்கு ஆண்டுகள் பதிவேட்டில் ஓர் எண்ணைக்கூடக் கூட்டி எழுதாதவன் நான். நான் சொல்லும் கதையில் அந்த அறுபது மேலங்கிகள் சென்ற ஆண்டு நூற்றிருபது ஆயின. போன ஞாயிறு இருநூற்று நாற்பது.