கிராம்புத் தைலத்தின் பின்னாலேயே வந்தவர்

சரக்கை விற்றுவிட்டு, வாங்கினவன் கூடவே அவன் வீட்டுக்கும் வந்துவிடுகிற வியாபாரி இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்திருக்கிறார். அவரும் எங்கள் திருச்செங்கோட்டுச் சந்தையில்தான் கடை போட்டார். கரியில் பஸ் ஓடிய அந்த யுத்த காலத்தில் அவருக்குப் பெயர் 'சொட்டுக்காரர்'. சொந்தப் பெயர் அவருக்கே நினைவிருந்ததா என்பது சந்தேகம்.

விற்றது கிராம்புத் தைலம். எவனாவது கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தால், பஞ்சில் ஒரு சொட்டு விட்டுச் சொத்தைப் பல்லில் வைப்பார். வலி அடங்கிவிடும். "இன்னும் கொஞ்சம் ஊத்துங்க" என்றால் போச்சு!

"ஈறு வெந்துபோனா நீயா சாமி பதில் சொல்லுவே? எச்சியத் துப்பு! முழுங்கீராதே!"

சீசாவாகக் கேட்டால் கடையைக் கட்டிக்கொண்டு கூடவே கிளம்புவார். எந்தப் பல்லுக்கு என்று பார்க்காமல் திரும்பமாட்டார். அப்படிப் போன ஒரு கல்யாணப் பந்தியில் மாப்பிள்ளையின் வாயையே திறந்து பார்த்துவிட்டார்.

"ஏனுங்க, மாட்டுக்குப் பல்லுப் புடிச்சுப் பாக்கற மாதிரி பாக்கறீங்களே!" என்று தாய்மாமன் புலம்பினார்.

நான் பல்வலிக்குச் சீசா வாங்கிய அன்றும் பின்னாலேயே வந்தார். எனக்கோ எரிச்சல். வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து மோர் வேறு கேட்டார். மோரைக் கொடுத்த என் மனைவியிடம் சீசாவையும் கொடுத்துவிட்டுக் கை கால் கழுவப் போனேன்.

எங்கள் கைக்குழந்தை வயிறு உப்பி அழுதுகொண்டிருந்தாள். பிள்ளைக்கு வயிறு மந்தமென்றால் சங்கில் விளக்கெண்ணெய் புகட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். கிராம்பு வயிற்றுக்கு நல்லதாயிற்றே, தைலம் இன்னும் நல்லதாகத்தானே இருக்கும் என்று என் மனைவி அதைச் சங்கில் ஊற்றிவிட்டாள். நான் திரும்பி வரும்போது சங்கு பிள்ளையின் உதட்டருகே போயிருந்தது.

"அய்யோ, அம்மணி!"

மோர்ச் சொம்பு ஒரு பக்கம் உருள, தலைப்பாகை ஒரு பக்கம் விழ, பாய்ந்து வந்து சங்கைத் தட்டிவிட்டார் சொட்டுக்காரர். தைலமெல்லாம் அவர் வேட்டியில்.

"கொழம்புல போடற கிராம்புதானுங்களே?" என்றாள் அவள், பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு.

"கொழம்புக்கு ஒண்ணு ரெண்டு போடுவீங்க. இதுல ஒரு மூட்டையே எறங்கியிருக்குது அம்மணி. பச்சப்புள்ள வவுத்துக்குள்ள போனா இழுப்பு வந்துரும். உசுரே போயிருமுங்க!"

குழந்தையின் வாயை முகர்ந்து பார்த்தார். "உள்ள போவுலீங்க" என்றார். அதற்குப் பிறகுதான் தலைப்பாகையை எடுத்துக் கட்டிக்கொண்டார்.

"அம்மணி, மோரு கொட்டிப்போச்சு. இன்னொரு சொம்பு கெடைக்குமுங்களா?"

நன்றி சொல்ல வாயைத் திறந்தேன். "அப்படியே தெறந்து வெச்சிருங்க" என்று பஞ்சை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

என் மகள் இப்போது தன் பிள்ளைக்குச் சோறூட்டிக்கொண்டிருக்கிறாள். அன்று சொல்ல விடாத நன்றியை இங்கே எழுதிவிடுகிறேன், ஐயா. நாங்கள் பெற்றவளை எங்களிடமே திருப்பிக் கொடுத்தது நீங்கள்தான்.